பட்டறையிலிருந்து பேராசிரியர் பதவி வரை: தொழில்நுட்பக் கல்விக்கு ஆசிரியராக வர நினைப்பவர்களுக்கு

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது லேத் என்ற கடைசல் இயந்திரத்தை ஓட்டுவதை அல்ல, அதன் சக்கை இறுக்கும் சாவியான சக் கீயை எங்கே வைப்பது என்பதை. ஜாபை, அதாவது கடைய வேண்டிய துண்டை, சக் என்ற பிடியில் இறுக்கியதும் கீயைக் கழற்றி அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கை ஸ்விட்சுக்குப் போகலாம். கீ சக்கிலேயே இருக்கும்போது மெஷினை ஓடவிட்டால் கவண்கல் மாதிரி பறந்து வரும். டிப்ளமோ முடித்து கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்த இரண்டாவது வாரமே பக்கத்து மெஷினிலிருந்து அப்படி ஒரு கீ பறந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அது சுவரில் மோதிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டவன் சொல்லிக்கொடுப்பதற்கும், புத்தகத்தில் படித்தவன் சொல்லிக்கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிப்ளமோ, பிறகு கம்பெனி, வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர பி.இ., பிறகு எம்.இ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, பிஎச்.டி. என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவன் நான். "சார், புரொஃபசர் ஆக என்ன செய்யணும்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் எடுத்த எடுப்பில் பிஎச்.டி.யைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் வருவது. இந்தக் கட்டுரையில் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து, மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் போன்ற பிரிவுகளை மனதில் கொண்டு, வரிசைப்படி சொல்கிறேன்.

முதல் படி: எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

தொழில்நுட்பக் கல்வியில் ஆசிரியர் வேலைக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் தகுதி வேறு, சம்பளம் வேறு, அன்றாட வேலையும் வேறு.

முதலாவது ஐ.டி.ஐ. இங்கே மாணவன் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டு கையால் வேலை செய்கிறான். சொல்லிக்கொடுப்பவருக்கு அரசு ஐ.டி.ஐ.களில் இளநிலைப் பயிற்சி அலுவலர் என்று பெயர், ஜே.டி.ஓ. என்பார்கள். மத்தியப் பாடத்திட்டம் கேட்கும் தகுதியைச் சுருக்கிச் சொன்னால், சம்பந்தப்பட்ட பிரிவில் பட்டமும் ஒரு வருட அனுபவமும், அல்லது டிப்ளமோவும் இரண்டு வருட அனுபவமும், அல்லது ஐ.டி.ஐ. சான்றிதழும் மூன்று வருட அனுபவமும். இதோடு சி.ஐ.டி.எஸ். என்ற ஓராண்டு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். சென்னை கிண்டியில் பழைய ஆட்கள் இன்றும் சி.டி.ஐ. என்றே சொல்லும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் இதைப் படிக்கலாம். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையே ஒரு பாடமாக வைத்து ஒரு வருஷம் பழக்கும் படிப்பு இது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு இப்படி ஒன்று கட்டாயமாக இல்லையே என்று எனக்கு நெடுநாள் வருத்தம்.

இரண்டாவது பாலிடெக்னிக். விரிவுரையாளராகச் சேர முதல் வகுப்பில் தேறிய பி.இ. போதும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிகளின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மூன்றாவது பொறியியல் கல்லூரி. உதவிப் பேராசிரியர் ஆக பி.இ.யும் எம்.இ.யும் வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருக்க வேண்டும். தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய். இவை அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் நடைமுறையில் இருக்கும் தொகை. தனியார் கல்லூரிகள் பலவற்றில் இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கடனை வாங்கி எம்.இ. படிக்கத் திட்டமிடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கையால் செய்து காட்டுவதில்தான் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் ஐ.டி.ஐ.யையும் பாலிடெக்னிக்கையும் 'சின்ன இடம்' என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் நவீன மையங்களாக மாற்றும் திட்டம் வந்த பிறகு, ரோபோவும் கணினியால் இயங்கும் சி.என்.சி. மெஷினும் பல கல்லூரிகளைவிட அங்கே நன்றாக இருக்கின்றன.

இரண்டாம் படி: கம்பெனிக்குப் போங்கள்

படித்து முடித்த கையோடு ஆசிரியர் வேலைக்கு வராதீர்கள். குறைந்தது இரண்டு வருஷம், முடிந்தால் மூன்று வருஷம் ஷாப் ஃப்ளோரில் இருங்கள். அம்பத்தூர், ஒரகடம், ஓசூர், கோவை என்று எந்த ஊரானாலும் சரி. பெரிய கம்பெனி என்றால் பெயர் கிடைக்கும், ஆனால் ஒரே ஒரு மெஷின் முன்னால் நிறுத்திவிடுவார்கள். முப்பது பேர் வேலை செய்யும் சின்ன யூனிட்டில் காலையில் டிராயிங் பார்ப்பீர்கள், மதியம் டூல் கிரைண்ட் செய்வீர்கள், சாயங்காலம் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பீஸை வைத்துக்கொண்டு எங்கே தவறு நடந்தது என்று மண்டையைக் குடைந்துகொள்வீர்கள். ஆசிரியராக வரப்போகிறவருக்கு இரண்டாவதுதான் நல்ல பள்ளிக்கூடம்.

அங்கே இருக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஜாப் ஏன் ரிஜெக்ட் ஆனது, எந்த டூல் எத்தனை பீஸுக்குப் பிறகு மழுங்கியது, ஒரு டாலரன்ஸை, அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசத்தை, 0.02 மில்லிமீட்டரிலிருந்து 0.05-க்குத் தளர்த்தியதும் செலவு எவ்வளவு குறைந்தது. என்னுடைய நோட்டில் அப்படி எழுதிய ஒரு பக்கத்தை வைத்து இன்றைக்கும் 'லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்' பாடத்தை ஆரம்பிக்கிறேன். மோட்டார் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் ஒரு முடியளவு கூடிப்போய், நாற்பது ஷாஃப்ட்டுகள் வீணான கதை அது. அதைச் சொன்ன பிறகு எச்7, ஜி6 என்ற டாலரன்ஸ் குறியீடுகளை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வேலையை விட்டு வரும்போது எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட், ரிலீவிங் லெட்டர் இரண்டையும் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். பி.எஃப். கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். இணைப் பேராசிரியர், பேராசிரியர் பதவிகளுக்கு அனுபவம் கணக்கிடும்போது ஏ.ஐ.சி.டி.இ. விதிகள் தொழிற்சாலை அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. நான் வேலை பார்த்த கம்பெனி பிறகு மூடப்பட்டுவிட்டது. ஒரு தேதி தெளிவாக இல்லாததால், அதை நிரூபிக்க முன்னாள் முதலாளி வீட்டுக்கு மூன்று தடவை அலைந்தேன்.

மூன்றாம் படி: மேற்படிப்பு

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர்களும் அப்படியே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையை விட முடியாதவர்களுக்குக் கோவையில் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. போன்ற கல்லூரிகளில் பகுதி நேர பி.இ. உண்டு. நான் அப்படித்தான் படித்தேன். ஷிஃப்ட் முடிந்து கையிலிருந்த ஆயில் வாசம் போகாமலே வகுப்பில் உட்கார்ந்திருப்போம். களைப்பு இருக்கும். ஆனால் காலையில் கையில் பார்த்ததை மாலையில் போர்டில் பார்க்கும்போது பாடம் ஒட்டிக்கொள்ளும்.

எம்.இ.க்கு கேட் என்ற தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுதுங்கள். கேட் மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். கேட் இல்லாமலும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பி.ஜி. நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம், ஆனால் இந்த உதவித்தொகை கிடைக்காது.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட்க அழகாக இருக்கிறது என்று புதுப் பெயர் கொண்ட எம்.இ.யில் சேர்ந்துவிட்டு, அரசு வேலை அறிவிப்பு வரும்போது 'இது எங்கள் பிரிவுக்கு இணையானதா' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சேருவதற்கு முன்பே அந்தப் பட்டம் எந்தத் துறைக்கு இணையாக ஏற்கப்பட்டிருக்கிறது என்று அரசாணையைப் பாருங்கள். புரொடக்‌ஷன், மேனுஃபாக்சரிங், இண்டஸ்ட்ரியல், தெர்மல் போன்ற நிலைபெற்ற பெயர்களில் இந்தத் தொல்லை குறைவு.

நான்காம் படி: வேலை தேடுதல்

அரசு பாலிடெக்னிக், அரசு பொறியியல் கல்லூரி இடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டி.ஆர்.பி. நிரப்புகிறது. அறிவிப்பு ஆண்டுதோறும் வரும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்கு 2017-ல் நடந்த தேர்வு முறைகேட்டுப் புகாரில் ரத்தாகி, மறுதேர்வு 2021 டிசம்பரில்தான் நடந்தது. அந்த நான்கு வருஷமும் வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்கள் மனதளவில் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு வேலையில் இருந்துகொண்டே தயாராகுங்கள். கேட் தேர்வுக்குப் படித்ததே இதற்கும் பெருமளவு உதவும்.

தனியார் கல்லூரி என்றால் பெரும்பாலும் நேர்முகமும் டெமோ கிளாஸும்தான். டெமோவுக்குப் பெரிய தலைப்பை எடுக்காதீர்கள். பையில் ஒரு பொருளைக் கொண்டு போங்கள். நான் முதல் டெமோவுக்கு ஒரு நல்ல டிரில் பிட்டும், கருகிய டிரில் பிட்டும் கொண்டு போனேன். இரண்டையும் மேஜையில் வைத்து, இது ஏன் கருகியது என்று கேட்டேன். பதினைந்து நிமிஷமும் கட்டிங் ஸ்பீடு பாடமாகவே ஓடியது.

அப்புறம், அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை வாங்கிப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. வேறு வேலை கிடைத்தும் சான்றிதழ் கைக்கு வராமல் போக முடியாதவர்கள் என் நண்பர்களிலேயே இருவர். அதேபோல 'உங்கள் பெயரை மட்டும் கொடுங்கள், ஆய்வு நடக்கும் நாளில் வந்து போனால் போதும்' என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்ட விவகாரம் 2024-ல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வெடித்தது. உங்கள் ஆசிரியர் எண்ணும் ஆதார் எண்ணும் எங்கே பதிவாகியிருக்கின்றன என்பது உங்கள் பொறுப்பு.

ஐந்தாம் படி: முதல் வருஷம்

இங்கேதான் ஆசிரியர் உருவாகிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தியரி வகுப்பைத் தயாரிப்பது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பிராக்டிகல் வகுப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சி.ஐ.டி.எஸ். பயிற்சியில் நாலு படி முறை ஒன்று சொல்லித் தருவார்கள். தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, சோதித்துப் பார். முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் ஆலன் என்பவர் கப்பல் கட்டும் தொழிலாளர்களை வேகமாகப் பழக்குவதற்காக வகுத்த முறை இது. நூறு வருஷம் கழித்தும் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஃபைலிங்கை, அதாவது அரத்தால் ராவுவதை, எடுத்துக்கொள்வோம். ஐம்பது மில்லிமீட்டர் சதுரத் தகட்டின் ஓரத்தை மட்டமாக ராவ வேண்டும். புதிதாக வரும் பையன் ராவினால் ஓரம் நடுவில் புடைத்துக்கொண்டே வரும். செங்கோணம் சரிபார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு முனையிலும் ஒளி கசியும். 'ஒழுங்காக ராவு' என்று கத்துவதால் அது சரியாகாது. ஃபைல் ஏன் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஃபைலைத் தள்ளத் தொடங்கும்போது அதன் நுனியைப் பிடித்திருக்கும் இடது கையில் அழுத்தம் அதிகம் இருக்க வேண்டும். நடுவில் இரண்டு கையும் சமம். முடியும்போது கைப்பிடியைப் பிடித்த வலது கைக்கு அழுத்தம் மாற வேண்டும். புதியவன் இரண்டு கையாலும் ஒரே மாதிரி அழுத்துகிறான், அதனால்தான் ஆடுகிறது.

முதலில் தகட்டைப் பிடித்திருக்கும் வைஸின் உயரத்தைப் பாருங்கள். அவன் முழங்கை மட்டத்துக்கு இருக்க வேண்டும். குள்ளமான பிள்ளைக்கு ஒரு பலகை போட்டுக் கொடுங்கள். பிறகு நீங்கள் ஒரு தடவை சாதாரண வேகத்தில் செய்து காட்டுங்கள், வாயைத் திறக்காமல். இரண்டாவது தடவை மெதுவாக, கை அழுத்தம் மாறுவதைச் சொல்லிக்கொண்டே. எதிரே நின்று காட்டினால் இடமும் வலமும் மாறித் தெரியும், ஆகவே அவர்களை உங்கள் பின்னால் வந்து தோளுக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை அவன் செய்யட்டும், அவனே சொல்லிக்கொண்டு செய்யட்டும். தப்பு செய்யும்போது ஃபைலைப் பிடுங்கி நீங்கள் செய்யாதீர்கள். புதிய ஆசிரியர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது, நானும் இரண்டு வருஷம் செய்தேன். பையன் நல்ல ஜாபைக் கையில் வைத்திருப்பான், ஆனால் அதைச் செய்தது நீங்களாக இருக்கும்.

சோதிக்கும்போது வெர்னியரை நீங்கள் பிடித்து அளவு சொல்லாதீர்கள். அவனையே அளக்கச் சொல்லி, அவன் சொன்ன அளவை எழுதிக்கொண்டு, பிறகு நீங்கள் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அன்றைய பாடம் ஃபைலிங் இல்லை, அளவெடுப்பதுதான்.

மொழி விஷயத்தில் தயங்காதீர்கள். தேர்வு ஆங்கிலத்தில் இருக்கலாம், விளக்கம் தமிழில் இருக்கட்டும். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் ரெகார்டு நோட்டை அச்சடித்த மாதிரி எழுதிவிட்டு வைவாவில் வாயே திறக்காமல் நிற்பார்கள். 'என்ன செஞ்சே, அதைத் தமிழ்லயே சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: ஆசிரியருக்கான பயிற்சிகள்

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கென்று ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் என்.ஐ.டி.டி.டி. என்ற எட்டு மாட்யூல் பயிற்சி ஸ்வயம் தளத்தில் இருக்கிறது. முதல் இரண்டு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். சென்னை தரமணியில் 1964 முதல் இயங்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம், இன்றைய என்.ஐ.டி.டி.டி.ஆர்., குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. ஒரு வாரம் நேரில் போய் இருந்து வாருங்கள். பாடத்தைவிட, மற்ற மாநில ஆசிரியர்களோடு மெஸ்ஸில் உட்கார்ந்து பேசுவது உதவும். சான்றிதழ் சேர்ப்பதற்காக மட்டும் மாதம் ஒன்று என்று ஆன்லைன் பயிற்சிகளில் பெயர் கொடுப்பது வேண்டாம்.

ஏழாம் படி: பிஎச்.டி.

பாலிடெக்னிக்கிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் இதில் அவசரம் இல்லை. பொறியியல் கல்லூரியில் மேலே போக இது கட்டாயம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. வேலையில் இருந்துகொண்டு பகுதி நேரமாகச் செய்பவர்களுக்கு ஐந்தாறு வருஷம் ஆவது சகஜம். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் போய்ப் படிக்க ஆசிரியர்களுக்கென்றே 1970 முதல் கியூ.ஐ.பி. என்ற திட்டம் இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு. கல்லூரி விடுப்பு கொடுக்குமானால் அதுதான் நல்ல வழி.

கைடைத் தேர்ந்தெடுப்பது கிட்டத்தட்டச் சம்பந்தம் பேசுவது மாதிரி. அவர் பெயருக்கு எத்தனை பேப்பர் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அவரிடம் முடித்தவர்களையும் பாதியில் விட்டவர்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாதியில் விட்டவர் சொல்வதுதான் முக்கியம்.

ஆய்வுப் பிரச்சினையை உங்கள் பழைய நோட்டில் தேடுங்கள். என்னுடைய தலைப்பு அங்கிருந்துதான் வந்தது. வார்ப்பு இரும்பு பம்ப் பாகங்களில் மெஷினிங் செய்த பிறகு மட்டும் வெளியே தெரியும் சின்னத் துளைகள் ஷாப் ஃப்ளோரில் எங்களை வாட்டிய தொல்லை. பத்து வருஷம் கழித்து அதே தொல்லையை லேபில் வைத்து ஆராய்ந்தேன். சாம்பிளுக்குப் பஞ்சமே இல்லை, ஊரில் உள்ள ஃபவுண்டரிகள் எல்லாம் வேண்டிய அளவு ரிஜெக்ட் பீஸ் கொடுத்தன.

பணம் கொடுத்தால் பத்து நாளில் பேப்பர் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். ஒரு ஜர்னல், ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் பட்டியலில் இன்று இருக்கிறதா, நீக்கப்பட்டுவிட்டதா என்று அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு ஆள் எழுதிய தீசிஸோடு பட்டம் வாங்கியவர் பிறகு தன் மாணவனுக்கு வழிகாட்ட முடியாமல் தவிப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

எட்டாம் படி: இணைப் பேராசிரியர், பேராசிரியர்

2019 விதிகள் இணைப் பேராசிரியருக்குக் கேட்பது: பிஎச்.டி., எட்டு வருட அனுபவம், அதில் இரண்டு வருஷமாவது பிஎச்.டி.க்குப் பிறகு, ஏற்கப்பட்ட ஜர்னல்களில் ஆறு கட்டுரைகள். தொடக்கச் சம்பளம் 1,31,400 ரூபாய். பேராசிரியருக்குப் பத்து வருட அனுபவம், அதில் மூன்று வருஷமாவது இணைப் பேராசிரியர் நிலையில். அந்த நிலையில் ஆறு கட்டுரைகளும், வழிகாட்டி முடித்த இரண்டு பிஎச்.டி.களும் வேண்டும், இல்லையென்றால் பத்துக் கட்டுரைகள். தொடக்கச் சம்பளம் 1,44,200 ரூபாய். தகுதி இருந்தால் மட்டும் போதாது, இடமும் இருக்க வேண்டும். ஒரு பேராசிரியருக்கு இரண்டு இணைப் பேராசிரியர், ஆறு உதவிப் பேராசிரியர் என்பதுதான் விகிதம்.

இந்த நிலையில் வேலையின் தன்மை மாறிவிடும். படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரத்துக்கான கோப்புகள், பாடத்திட்டக் குழுக் கூட்டங்கள், லேபுக்கு மெஷின் வாங்க மூன்று கொட்டேஷன். மெஷின் வாங்கும் பொறுப்பு வரும்போது மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாணவர்கள் எதைத் தொட்டுப் பழகப்போகிறார்கள் என்பதை அடுத்த பதினைந்து வருஷத்துக்கு நீங்கள் அன்று போடும் கையெழுத்துதான் தீர்மானிக்கிறது. விற்பவர் காட்டும் வீடியோவை நம்பாமல், அந்த மெஷினை ஏற்கெனவே வாங்கிய ஒரு கல்லூரிக்கு நேரில் போய், அங்கே இருக்கும் லேப் டெக்னீஷியனிடம் தனியாகப் பேசுங்கள். ஸ்பேர் கிடைக்கிறதா, சர்வீஸுக்கு ஆள் வருகிறாரா என்பதை அவர்தான் உள்ளபடி சொல்வார்.

பதினைந்து வருஷம் தொழிலில் ஊறியவர்களுக்கு யு.ஜி.சி. 2022-ல் திறந்த இன்னொரு வாசலும் உண்டு: புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ். பிஎச்.டி. தேவையில்லை, ஆனால் நிரந்தர வேலையும் இல்லை. மூன்று வருஷம், கூடினால் நான்கு. கம்பெனியில் ஃபோர்மேனாகவோ மேனேஜராகவோ இருந்து ஓய்வு பெறப்போகும் நண்பர்களிடம் இதைச் சொல்லி வருகிறேன்.

பேராசிரியர் ஆன பிறகு டைம்டேபிளில் முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப் உங்கள் பெயருக்கு வராது, அதை இளையவர்களுக்குத்தான் போடுவார்கள். ஜூன் மாதம் பாடம் ஒதுக்கும் கூட்டத்துக்கு முன்பே துறைத்தலைவரிடம் போய் வாரத்தில் ஒரு பேட்ச் மட்டும் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வியாழக்கிழமை மதியத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். போன வாரம் புது பேட்ச் வந்தது. இருபது பேர். சக் கீயில் ஆரம்பித்தோம்.